376 நாட்கள்

2025 ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று மூன்று மாதமும் காலையில் போனை எடுத்ததும் ஒரே ஒரு பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்பிஏவில், சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை 2017-இல் வாங்கியவர். டென்வர் அணியில் இன்னொரு வருடம் இருக்கும் வாய்ப்பு அவர் கையிலேயே இருந்தது, சுமார் 35 லட்சம் டாலருக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்தவரை யாரும் எடுக்கவில்லை. சீசன் தொடங்க ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும்போது, அக்டோபர் நடுவில், சாக்ரமென்டோ கிங்ஸ் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது.

அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. வெஸ்ட்புரூக்கைவிட அவருடைய பழைய சகா ஒருவரைத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன். இதே காத்திருப்பை இதைவிட நீளமாக, இதைவிடக் கொடுமையாகக் கடந்தவர் கார்மெலோ ஆந்தனி, சுருக்கமாக மெலோ. அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாகவே மனதில் இருக்கிறது.

ஃப்ரீ ஏஜென்சி பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், தான் விரும்பும் எந்த அணியோடும் பேசிச் சேரலாம். ஜூன் 30 மாலை, நியூயார்க் நேரப்படி 6 மணிக்குக் கதவு திறக்கும். பெரிய பெயர்கள் எல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே படிந்துவிடும். ஒரு வாரத்துக்குள் நடுத்தர ஆட்டக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஜூலை பாதி தாண்டினால் அணிகளிடம் மிச்சம் இருப்பது பெரும்பாலும் வெட்டரன் மினிமம் மட்டும்தான். அதாவது, இத்தனை வருடம் ஆடியவருக்கு இவ்வளவுக்குக் குறையாமல் தரவேண்டும் என்று லீக் வகுத்திருக்கும் தொகை. ஒரு வருட ஒப்பந்தம் என்றால் அதிலும் ஒரு பகுதியை லீகே கொடுத்துவிடும், மூத்தவர்களை விலை காரணமாக ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக. ஆக, வயதான நட்சத்திரத்தை எடுப்பதில் பணம் ஒரு தடையே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மெலோவுக்கு வருவோம்.

2014 ஜூலையில் மெலோ ஃப்ரீ ஏஜென்ட் ஆனபோது ஊர் ஊராகப் பந்தல் போட்டு வரவேற்றார்கள் என்றே சொல்லவேண்டும். சிகாகோவின் யுனைடெட் சென்டர் அரங்கத்தில், அந்த ஊர் அணியான புல்ஸின் சட்டை போட்ட மெலோவின் படங்களைப் பெரிது பெரிதாக வைத்தார்கள். ஹூஸ்டன் தன் அரங்கத்துக்கு வெளியே ராக்கெட்ஸ் அணியின் 7-ஆம் எண் சட்டையில் மெலோவின் படத்தை ஏற்றியது. அந்த 7-ஆம் எண் அப்போது ஜெரமி லின் முதுகில் இருந்தது. அவர் அணியை விட்டுப் போகவே இல்லை, அதற்குள் அவருடைய எண்ணை விருந்தாளிக்குப் பந்தி வைத்துவிட்டார்கள். கடைசியில் மெலோ நியூயார்க் நிக்ஸிலேயே இருந்துவிட்டார். 5 வருடம், ஏறக்குறைய 12.4 கோடி டாலர், அதோடு தன் சம்மதம் இல்லாமல் தன்னை வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையும்.

அந்த மரியாதை சும்மா வந்ததில்லை. 2003-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு முதல் வருட மாணவனாகப் போன கையோடு தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அந்த வருடம் லெப்ரான் ஜேம்ஸ் முதல் ஆள், மெலோ மூன்றாவது. 2012-13 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 28.7 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடம். நிக்ஸ் அந்த வருடம் 54 ஆட்டம் ஜெயித்தது. 2014 ஜனவரி 24 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 62 புள்ளி. முதல் பாதி முடியும் மணி அடிக்கும்போது மைதானத்தின் பாதியிலிருந்து தூக்கிப் போட்டதும் உள்ளே விழுந்தது. லண்டன் ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்கு எதிராக 14 நிமிடம்தான் களத்தில் இருந்தார், 37 புள்ளி.

ஆனால் எனக்கு மெலோ என்றால் இந்த எண்களைவிட அந்த ஜாப் ஸ்டெப்தான். வளையத்துக்கு இடது பக்கம், த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு இரண்டடி உள்ளே பந்தை வாங்குவார். வாங்கியதும் அவசரமே இல்லை. இரண்டு கையாலும் பந்தை இடுப்புக்கு மேலே பிடித்தபடி எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். இடது கால் தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். வலது கால் மட்டும் முன்னே ஒரு குத்து. எதிராளி அரை அடி பின்வாங்குவான். கால் திரும்பி வரும். மறுபடி ஒரு குத்து, இந்தத் தடவை கொஞ்சம் சின்னதாக. எதிராளி இப்போது நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பான். அந்த யோசனையின் நடுவில் பந்து மேலே போயிருக்கும். எங்கள் பள்ளியின் சிமெண்ட் கோர்ட்டில் எத்தனையோ சாயங்காலம் இதைப் பழகியிருக்கிறேன். கால் சுலபமாக வந்துவிட்டது. அந்தப் பொறுமைதான் வரவில்லை.

அந்த ஷாட்டுக்கு மிட் ரேஞ்ச் என்று பெயர். மெலோ முப்பதைத் தாண்டிய காலத்தில்தான் அந்த ஷாட்டுக்கும் மதிப்புப் போனது. கணக்குப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். கோட்டுக்கு உள்ளே நின்று போட்டால் 2, ஓரடி பின்னால் நின்று போட்டால் 3, பிறகு எதற்கு உள்ளே நிற்கவேண்டும் என்று கேட்டார்கள். கேள்வியில் தப்பில்லை. ஆனால் பதினைந்து வருடம் அந்த இடத்தில் நின்றே வீடு கட்டியவரிடம் போய், வாசல் இனி இந்தப் பக்கம் இல்லை என்று சொன்னால் அவர் கொஞ்சம் தடுமாறத்தானே செய்வார்?

2017 செப்டம்பரில் நிக்ஸ் அவரை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியது. வெஸ்ட்புரூக், பால் ஜார்ஜ், மெலோ மூவரும் ஒரே அணியில். சீசனுக்கு முன்னால் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் ஒருவர், பெஞ்சிலிருந்து வந்து, அதாவது தொடக்க ஐவரில் இல்லாமல் மாற்று ஆளாக, ஆடுவீர்களா என்று கேட்டார். மெலோ சிரித்துவிட்டார். நானா என்று திருப்பிக் கேட்டு, பால் ஜார்ஜைக் கூப்பிட்டு இவர்கள் என்ன கேட்கிறார்கள் பார் என்கிற மாதிரி சொன்னார். அந்தச் சில விநாடிச் சிரிப்பு அதற்கப்புறம் அவரை விடவே இல்லை. அந்த சீசனில் அவருடைய சராசரி 16.2, அதுவரை இல்லாத அளவுக்குக் குறைவு. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே யூட்டாவிடம் தோற்றார்கள். போகும்போது மறுபடியும், பெஞ்சுக்கு இறங்கும் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மெலோவின் ரசிகனாக இருந்துகொண்டே இதை எழுதுகிறேன். 34 வயது ஆகப்போகிறவர், அப்போதுதான் மோசமான ஒரு சீசனை முடித்தவர், அந்த வார்த்தையைக் காற்றில் விட்டிருக்க வேண்டாம். முப்பது அணியின் மேனேஜர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஓக்லஹோமா அவரை அட்லான்டாவுக்கு மாற்றியது. அட்லான்டா, வரவேண்டிய 2.79 கோடியில் 2.55 கோடியைக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. விட்டுக்கொடுத்த அந்த 24 லட்சம்தான் அப்படியே அடுத்த அணியின் மினிமம் சம்பளமாக வந்தது. அந்த அடுத்த அணி ஹூஸ்டன். நான்கு வருடம் முன்னால் வாசலில் படம் ஏற்றிய அதே ஹூஸ்டன். அதே 7-ஆம் எண் சட்டையும் கிடைத்தது, இந்த முறை குறைந்தபட்ச விலைக்கு.

நண்பர் கிறிஸ் பால் அங்கே இருந்தார். கோச் மைக் டி'ஆன்டோனி, நியூயார்க்கில் மெலோவோடு ஒத்துவராமல் 2012-இல் நடு சீசனில் ராஜினாமா செய்தவர். இரண்டு பேரும் பழசை மறந்து சேர்ந்தார்கள். பெஞ்சிலிருந்தும் மெலோ ஆடினார். ஆமாம், மாட்டேன் என்று சொன்னவர் ஆறு மாதத்துக்குள் ஆடினார். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஹூஸ்டன் முந்தின சீசனில் 65 ஆட்டம் ஜெயித்த அணி. இந்த முறை முதல் 6 ஆட்டத்தில் 5 தோல்வி. தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த ட்ரெவர் அரீசா அணியை விட்டுப் போயிருந்தார். ஆனால் பழி எங்கே போய் விழும்? புதிதாக வந்தவர் தலையில், அதுவும் எல்லோருக்கும் தெரிந்த தலையில். 2018 நவம்பர் 8, பழைய ஓக்லஹோமா அரங்கத்திலேயே ஆட்டம். மெலோ 11 ஷாட் எடுத்தார், ஒன்று உள்ளே போனது. மொத்தம் 2 புள்ளி. ஒரு வாரம் கழித்து ராக்கெட்ஸ் நாங்கள் பிரிகிறோம் என்று அறிவித்தது. 10 ஆட்டம். ஆட்டத்துக்கு 13.4 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். மினிமம் சம்பளத்தில் இருக்கும் எவருக்கும் அது மோசமான கணக்கில்லை.

2019 ஜனவரியில் ஹூஸ்டன் அவரை சிகாகோவுக்கு ட்ரேட் செய்தது. அந்த யுனைடெட் சென்டர் ஞாபகம் இருக்கிறதல்லவா? பிப்ரவரி 1 அன்று புல்ஸ் அவரை விடுவித்துவிட்டது. 2014-இல் படத்தில் மட்டும் போட்டுக்காட்டிய அந்தச் சட்டையை அவர் ஒரு நாள்கூட அணியவில்லை.

அப்புறம் அமைதி. பிப்ரவரி, மார்ச், பிளேஆஃப் எல்லாம் முடிந்து ஜூலை. கதவு திறந்தது, மூடியது. மெலோவின் பெயர் எங்கேயும் இல்லை. வெறும் ஜிம்மில் அவர் தனியாகப் பயிற்சி செய்யும் வீடியோக்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் உட்கார்ந்தார். எந்தப் பொறுப்பு கொடுத்தாலும் ஏற்கத் தயார் என்கிற பொருளில் பேசினார். அந்த முகத்தை இன்னமும் மறக்க முடியவில்லை. வேலை கேட்டுப் போகிற இடத்தில் நம் அப்பாக்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசுவார்களே, அந்தக் குரல்.

அதே ஆகஸ்டில் அமெரிக்க தேசிய அணி சீனாவில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பெரிய நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள். முகாமுக்கு நான் வருகிறேன் என்று மெலோ தரப்பில் கேட்டுப்பார்த்தார்கள். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அன்றைய தேதியில் அமெரிக்க ஆண்கள் அணிக்காக ஒலிம்பிக்கில் அதிகப் புள்ளி எடுத்தவர். அணியின் கவனம் சிதறும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த அணி உலகக் கோப்பையில் 7-ஆவது இடத்துக்குப் போனது.

இந்தக் கவனம் சிதறும் என்ற வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது என்று நினைக்கிறேன். பேர் தெரியாத 35 வயதுக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, பத்து நிமிடம் ஆடி, சில ஆட்டம் ஆடாமலே போனால் யாருக்கும் அது செய்தி இல்லை. அவரை அணிகள் நிம்மதியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் மெலோ பெஞ்சில் உட்கார்ந்தால் தினமும் நாலு மைக் அவர் முன்னால் வந்து நிற்கும். இன்று ஏன் ஆடவில்லை, வருத்தமா, கோச்சோடு பிரச்சினையா என்று கேட்கும். அவர் பேசினாலும் செய்தி, பேசாவிட்டாலும் செய்தி. நட்சத்திரத்துக்கு ஒரு விலை இருக்கிறது, சாதாரண மூத்த ஆட்டக்காரருக்கும் ஒரு விலை இருக்கிறது. நட்சத்திரமாக இருந்து சாதாரணமாகிக்கொண்டிருப்பவருக்குத்தான் விலையே இல்லை. முன்னால் சொன்னேனே, பணம் தடை இல்லை என்று. அவர் சம்பாதித்த பெயரே அவர் வழியில் குறுக்கே படுத்துக்கொண்டது.

மெலோ இதைத் தன் கண்ணெதிரே ஏற்கெனவே பார்த்தவர்தான். டென்வரில் இரண்டு வருடம் அவருக்குப் பக்கத்தில் ஆடியவர் ஆலன் ஐவர்சன். ஆறடி உயரத்தை வைத்துக்கொண்டு மலை மாதிரி ஆட்களுக்கு நடுவே புகுந்து நாலு முறை லீகின் அதிகப் புள்ளி எடுத்தவர். 2009-இல் டெட்ராய்ட் அவரைப் பெஞ்சிலிருந்து இறக்கியபோது, இதற்குப் பதில் ஓய்வு பெற்றுவிடலாம் என்றார். அடுத்த சீசனில் மெம்ஃபிஸ் எடுத்தது. அங்கேயும் அதே பெஞ்ச் பிரச்சினை, 3 ஆட்டத்தோடு முடிந்தது. தன் பழைய அணியான ஃபிலடெல்ஃபியாவில் கொஞ்ச நாள். 2010 பிப்ரவரிக்குப் பிறகு என்பிஏவில் அவர் ஆடவே இல்லை. அந்த வருட அக்டோபரில் துருக்கியின் பெஷிக்டாஷ் அணிக்குப் போனார். அதுவும் நீடிக்கவில்லை. அப்புறம் வருடக்கணக்கில் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, 2013-இல்தான் ஓய்வை வாய்விட்டுச் சொன்னார். 2019 கோடையில் எனக்கிருந்த பயமெல்லாம் மெலோவும் இப்படி ஒரு அறிவிப்பே இல்லாமல் மங்கிப்போய்விடுவாரோ என்பதுதான்.

நவம்பரில் போர்ட்லேண்ட் கூப்பிட்டது. காரணம் பெரிய பாசம் எல்லாம் இல்லை, நெருக்கடிதான். இளம் ஆட்டக்காரர் ஸாக் காலின்ஸுக்குத் தோள்பட்டையில் காயம், அந்த இடத்தில் நிற்க ஆள் இல்லை, அணி தோற்றுக்கொண்டிருந்தது. முழுச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தம். மெலோ கையெழுத்துப் போட்டார். எண் 00.

முதல் ஆட்டம் நவம்பர் 19, நியூ ஆர்லியன்ஸில். நமக்குப் புதன்கிழமை காலை. டீ ஆறிக்கொண்டிருக்க, போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். முந்தின ஆட்டத்துக்கும் இதற்கும் நடுவில் 376 நாட்கள். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. பந்து சில முறை கையிலிருந்து நழுவியது. 14 ஷாட்டில் 4, மொத்தம் 10 புள்ளி. போர்ட்லேண்ட் தோற்றது. ஆனால் இடது பக்கம் பந்தை வாங்கி, முகத்தைப் பார்த்து, வலது காலை ஒருமுறை முன்னே குத்தினாரே, அப்போது சமையலறையில் நான் போட்ட சத்தத்துக்கு வீட்டில் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் தொடக்கத்தில் மேற்குப் பிரிவின் வாரத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஜனவரியில் டொரன்டோவில், அந்த நேரத்தில் நடப்புச் சாம்பியனாக இருந்த ராப்டர்ஸுக்கு எதிராக, சில விநாடிகள் இருக்கும்போது வெற்றி ஷாட். மிட் ரேஞ்ச்தான். யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிய ஷாட். 101-99. அன்று மட்டும் 28 புள்ளி. ஆளே இல்லாத முப்பது வாசல்களில் ஒரு வருடம் நின்றவர் போட்டது அது. அந்த சீசனில் அவர் ஆடிய 58 ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் இருந்தார், சராசரி 15.4.

அடுத்த வருடம் போர்ட்லேண்ட் அவரைப் பெஞ்சுக்கு மாற்றியது. ஒரு வார்த்தை பேசவில்லை. கோட்டுக்குப் பின்னால் நகர்ந்து த்ரீ பாயிண்ட் போடக் கற்றுக்கொண்டார், 100-க்கு ஏறக்குறைய 41 உள்ளே போனது. 36 வயதில் ஒருவர் தன் ஆட்டத்தையே திருப்பி எழுதுவதை அவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது. அதற்கடுத்த வருடம் லேக்கர்ஸில் லெப்ரானோடு, மறுபடியும் மினிமம் சம்பளம், மறுபடியும் பெரும்பாலும் பெஞ்ச், 69 ஆட்டம், சராசரி 13.3.

2022 கோடையில் மறுபடி ஃப்ரீ ஏஜென்ட். எல்லோரும் கேட்டது எல்லாவற்றையும் செய்துகாட்டிவிட்டார். பெஞ்சுக்கு இறங்கினார், வாயைத் திறக்கவில்லை, குறைந்த சம்பளம் வாங்கினார், ஷாட்டை மாற்றினார். யாரும் கூப்பிடவில்லை. முதல் முறை சொன்ன காரணங்களாவது இருந்தன. இந்த முறை காரணம் சொல்லக்கூட ஆள் இல்லை. 38 வயது, அவ்வளவுதான். எனக்கு இந்த இரண்டாவது அமைதிதான் அதிகம் வலித்தது.

2023 மே 22 அன்று ஒரு வீடியோவில் ஓய்வை அறிவித்தார். 28,289 புள்ளி, அந்த நேரத்தில் லீக் வரலாற்றிலேயே 9-ஆவது இடம். அதே நாள் இரவு டென்வர் நகட்ஸ், லெப்ரானின் லேக்கர்ஸைத் தோற்கடித்து முதல்முறையாக என்பிஏ இறுதிச் சுற்றுக்குப் போனது. டென்வரில் மெலோ போட்டிருந்த 15-ஆம் எண் சட்டையில் இப்போது நிகோலா யோகிச் ஆடிக்கொண்டிருந்தார். யோகிச் பெரிய ஆட்டக்காரர், எனக்கும் பிடித்தவர். ஆனாலும் அந்த எண்ணை அவருக்குக் கொடுத்தது சரியில்லை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

2025 செப்டம்பர் 6. மாசசூசெட்ஸில் இருக்கும் ஸ்ப்ரிங்ஃபீல்டில், கூடைப்பந்தின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் விழா. வெஸ்ட்புரூக்குக்கு அன்று வரை எந்த அணியும் இல்லை. மெலோவை அரங்குக்கு முறைப்படி வரவேற்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர், 2003 டிராஃப்டில் அவரோடு வந்த டுவைன் வேட். இன்னொருவர் ஐவர்சன். கூப்பிடுவார்கள் என்று வருடக்கணக்கில் காத்திருந்த அதே ஐவர்சன். மெலோ பேசிக்கொண்டிருந்தபோது நான் ஐவர்சனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.